துப்பாக்கிக்கு மசியாத இடது கை

மலாக்கா மாநிலத்தில் கரண்டுக்குப் பயப்படாத ஆட்கள் நிறைய இருந்தார்கள். அவர்களில் பலர் சீக்கிரமே போய்விட்டார்கள். கரண்டே மரியாதை கொடுத்து ஒதுங்கிய ஆள் ஒருவர்தான். அவர் எங்கள் ரப்பர் தோட்டத்து வயர்மேன் ஒத்தக்கை.

ஆளுக்கு இரண்டு கையும் நன்றாகவே இருந்தன. ஆனால் மின்சாரச் சாமான் எதையாவது தொட்டால் போதும், இடது கை கால்சட்டைப் பைக்குள் போய்விடும். இரண்டு கையாலும் தொட்டால் கரண்டு ஒரு கையில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கையில் இறங்குமாம். ஒரு கையை ஒளித்து வைத்தால் நெஞ்சுக்கு வழி தெரியாதாம். டார்ச்லைட்டுக்கு பேட்டரி போடும்போதும் இதே விரதம்தான். ஒரு கல்யாணப் பந்தலில் பல்பு மாட்டிக்கொண்டே சம்பந்தியை ஒற்றைக் கையால் கும்பிட்டு, பெண் வீட்டார் சாப்பிடாமல் எழுந்துபோகும் நிலைமையை உண்டாக்கியிருக்கிறார்.

ஓர் இடத்தில் உட்காரவும் மாட்டார். டைனமோ நின்றால் ஏன் நின்றது என்று ஓடுவார். ஓடினால் ஏன் ஓடுகிறது என்று ஓடுவார்.

அது அவசரகாலம். மஸ்ஜித் தானா பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று வாசலில் தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். நான் ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. பொறுமை என்பது எனக்கு வேண்டாத சாமான்.

ஒருநாள் துரைசாணி, அதாவது மானேஜரின் மனைவி, எங்கள் இருவரையும் பங்களாவுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு பொம்மை ரயில். சண்டைக்கு முன்னால் சீமையில் வாங்கியது. ஜப்பான்காரன் காலத்தில் சமையல்காரர் மண்ணில் புதைத்துக் காப்பாற்றியது. மகனின் பிறந்தநாளுக்கு அது ஓடவேண்டுமாம்.

கூடவே ஒரு கறுப்புப் பெட்டி. கரண்டை இருபது வோல்ட்டாகக் குறைத்துத் தண்டவாளத்துக்கு அனுப்பும் டிரான்ஸ்பார்மர். ஒத்தக்கை அதை முகர்ந்துகூடப் பார்த்தார்.

"நம்ம டைனமோ கரண்டு ஒரே பக்கமா ஓடுறது, தம்பி. இந்தப் பெட்டிக்கு முன்னயும் பின்னயும் ஆடுற டவுன் கரண்டுதான் ஆகும். இங்க செருகினா ரயில் ஓடாது, நாமதான் ஓடணும்லா. வயரும் மண்ணுல கெடந்து வெடிச்சிருக்கு. மாத்தாம செருகக் கூடாது."

பாதியை விட்டுவிட்டு துரைசாணியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறந்தநாள், கிளேபாங்கில் இருந்த துரைசாணியின் தோழி வீட்டுக்கு மாறியது. அங்கே டவுன் கரண்டு உண்டு. ரயிலை முன்கூட்டியே மாட்டித் தயாராக வைக்க, தகரப் பெட்டியோடு நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம்.

வழியில் சாலைத் தடுப்பு. போலீஸ்காரர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ரயிலுக்கு மேலே புது வயர்ச் சுருள், கறுப்புப் பெட்டி, அதில் ஒரு கைப்பிடி. வெடிகுண்டுச் சாமான் என்றே நினைத்து அவர் முகம் வெளுத்துவிட்டது. ஒத்தக்கையோ ஆர்வமாக, டிரான்ஸ்பார்மரைத் தொட்டுத் தொட்டு அவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஆங்காட் தாஙான்!"

நான் இரண்டு கையையும் தூக்கினேன். ஒத்தக்கை வலது கையை மட்டும் தூக்கினார். நான்கு துப்பாக்கிகள் அவருடைய இடது பையைப் பார்த்துத் திரும்பின.

"அண்ணே, கைய வெளிய எடுங்கண்ணே! சுட்டுடுவானுங்க!"

"பெட்டிய தொட்டுக்கிட்டு இருந்தவன எடுக்கச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு கிராணியா?"

"நடு ரோட்டுல ஏதுண்ணே கரண்டு?"

"பழக்கம் கெட்டுப் போயிரும், தம்பி."

ஒரு போலீஸ்காரர் வெளியிலிருந்தே பையைத் தடவிப் பார்த்தார். உள்ளே கையைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தக் கை வெளியே வரவும் இல்லை.

எங்களை டவுன் கரண்டு இருந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் சுருக்கமாகச் சொன்னார்: பொம்மை என்றால் இப்போதே ஓட்டிக் காட்டு; ஓடாவிட்டால் இருவரும் உள்ளே. அந்நாளில் உள்ளே போனவர்களுக்கு வழக்கும் கிடையாது, நாள் கணக்கும் கிடையாது.

ஒத்தக்கை வயர் மாற்றக் கத்தி கேட்டார். கைதிக்கு யார் கத்தி கொடுப்பார்கள்? பழைய வயரோடுதான் ஓட்டவேண்டும் என்றாகிவிட்டது. உடனே அவர் ஸ்டேஷனைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். பெட்டிக்குக் கரண்டு கொண்டுவரும் அந்த வெடித்த வயரைக் காய்ந்த பலகைமேல் கிடத்தினார். போலீஸ்காரர்களை மூன்றடி தள்ளி நிற்கவைத்தார். இன்ஸ்பெக்டரின் தேநீர்க் கோப்பையை அப்புறப்படுத்தினார்.

"தொரைய அந்தக் கடிகாரத்தையும் கழட்டச் சொல்லு. இரும்புலா."

சொன்னேன். கழற்றினார்!

நடுத் தண்டவாளத்துக்கு ஒரு கம்பி, ஓரத் தண்டவாளத்துக்கு ஒரு கம்பி. எல்லாவற்றையும் மூன்று முறை பார்த்தார். நான் நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்துவிட்டேன். கடைசியில் பிளக்கைச் செருகி, கைப்பிடியைத் திருப்பினார். எஞ்சின் முனகியது. நகரவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. வயரில்தான் கோளாறு என்று, வெடித்த இடத்தை நெளித்துவிடப் பாய்ந்து கையை நீட்டினேன்.

பளார்!

வலது கன்னம் தீப்பற்றியதுபோல் இருந்தது. நான் பின்னால் நின்ற போலீஸ்காரர்மேல் போய் விழுந்தேன். ஒத்தக்கையின் வலது கை டிரான்ஸ்பார்மரிலேயே இருந்தது. அடித்தது இடது கை.

"செத்திருப்பியேடா!" என்றார். அந்தக் கை அந்தரத்திலேயே நின்றது.

பிறகு பிளக்கைப் பிடுங்கினார். கை மறுபடி பைக்குள் போனது; யாரும் துப்பாக்கியைத் தூக்கவில்லை. இன்ஸ்பெக்டரின் கைக்குட்டையை வாங்கித் தண்டவாளத்துத் துருவைத் துடைத்தார். செருகினார். ரயில் ஓடியது. போலீஸ்காரர்கள் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் தானும் ஓட்டவேண்டும் என்றார். இடது கையைப் பைக்குள் போட்ட பிறகுதான் ஒத்தக்கை விட்டார்.

கிளேபாங் போகும் பஸ்சில் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்: "வலிக்குதாடா?"

"இல்லண்ணே."

புது வயரில் ரயில் பிறந்தநாளன்று நன்றாகவே ஓடியதாம். ஒத்தக்கை காலமாகி எத்தனையோ வருஷமாகிவிட்டது. நாலு துப்பாக்கி கேட்டும் வராத கை, நான் கேட்காமலே வந்தது. இன்றும் சவரம் செய்யும்போது வலது கன்னத்துக்கு வந்தால் மட்டும் என் கை கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது.