பின்னால் வருகிறது குதிரை

குதிரை வைத்திருப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குதிரையிலிருந்து விழுந்தவர்களையும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள்தான். இந்த இரண்டு நிலைகளையும் கடந்து, குதிரைமேல் ஏறுவதையே விட்டொழித்து, அதற்கு முன்னால் நடந்தபடி தலைமை தாங்குகிறவர் என்று ஒரு ரகம் உண்டு. அவரைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். அப்படி யாரையும் தெரியாதே என்று கவலைப்படாதீர்கள். அவரே உங்களைத் தேடிக்கொண்டு வருவார்.

அடையாளம் சொல்கிறேன். பால் வாங்கப் போனாலும் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டிருப்பார். தோள்கள் விரிந்திருக்கும், முகவாய் உயர்ந்திருக்கும், நடை மிக மெதுவாக இருக்கும். குதிரை தன்னைக் கடித்தது என்று ஒருநாளும் சொல்லமாட்டார். அது ஒரு கேள்வி கேட்டது என்பார். உதைத்தால், மனம் விட்டுப் பேசியது என்பார். கயிற்றோடு அவரைச் சேற்றில் தரதரவென்று இழுத்துப்போன அன்று, முழங்கை சிராய்ப்புக்கு மருந்து போட்டபடியே, "இன்னிக்கு முடிவெடுக்கிற பொறுப்ப அதுக்கிட்ட குடுத்துப் பார்த்தேன்" என்றார். யாரால் தோற்கடிக்க முடியும் இவரை?

எங்கள் தெரு மாஸ்டர் இந்த ரகத்தில் முதல் தரம். குதிரைச் சொந்தக்காரர்களுக்கு, குதிரையின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி, அதற்குத் தலைவராவது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறார். இடம், அவருடைய மாமனாரின் டைல்ஸ் கோடவுனுக்குப் பின்னால் உள்ள முற்றம். மாணவர்களில் ஒருவர் பல் டாக்டர். அவருடைய குதிரை அவரைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். இன்னொருவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவருடைய குதிரை ரிவர்ஸில் மட்டும்தான் போகும். மூன்றாமவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவருடைய குதிரை அவரை மதிக்கவில்லையாம். ஊரே மதிக்கும்போது அதற்கு மட்டும் என்ன வந்தது என்பது அவருடைய மனக்குறை. நான்காவது ஆள் நான். எனக்குக் குதிரை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்காக, "குதிரை இல்லாதவங்களுக்குத்தான் சார் லீடர்ஷிப் ரொம்ப அவசியம்" என்று சொல்லி மாஸ்டர் என்னையும் பிடித்துப் போட்டுக்கொண்டார்.

அவருடைய பாடம் மொத்தமும் ஒரே ஒரு வித்தையில் அடக்கம். கயிற்றைக் கழற்ற வேண்டும். முதுகைக் காட்ட வேண்டும். நடக்க வேண்டும். குதிரை தானாகப் பின்னால் வரும்.

"திரும்பிப் பாக்கவே கூடாது!" என்று முழங்குவார். "திரும்பினா போச்சு. இந்தாளுக்கே சந்தேகம் இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் எவன் மதிப்பான்?"

உயிருள்ள குதிரையிடம் போவதற்கு முன்னால் இதை எங்களுக்குள்ளேயே பழக வேண்டும் என்றார். ஆகவே, வாராவாரம் நிஜக் குதிரைகள் நிழலில் நின்று வேடிக்கை பார்க்க, மாஸ்டர் முன்னால் நடப்பார். தலைமையாசிரியை, டாக்டர், டிரைவிங் ஸ்கூல்காரர், நான் என்று நாங்கள் குதிரைகளாக வரிசையில் பின்தொடர்வோம். நாளடைவில் மாஸ்டரின் முதுகைக் கண்டாலே எங்கள் கால்கள் தாமாகக் கிளம்பிவிடும். தலைமையாசிரியை தலையை இலேசாக ஆட்டவும் தொடங்கியிருந்தார்.

மாஸ்டர் சொந்தமாக வளர்ப்பது ஒரு பெண் குதிரை. சீமாட்டி என்று கூப்பிடுவார். அவளுக்கு முன்னால் அவர் எத்தனையோ முறை முதுகைக் காட்டி நடந்திருக்கிறார். அவள் பின்னால் வந்தாளா? அது அவருக்கு எப்படித் தெரியும்? அவர்தான் திரும்பிப் பார்ப்பதில்லையே!

இந்தச் சமயத்தில்தான் மாமனாருக்குப் பொறுமை போயிற்று.

"மாப்ளே, முற்றத்த உங்க கூத்துக்கு விட்டது போதும். வர்ற ஞாயித்துக்கெழம நானே வரேன். கயிறு கிடையாது, கம்பு கிடையாது. உங்க குதிரை உங்க பின்னால கேட்டத் தாண்டி வரணும். வந்தா முற்றம் உங்களுது. வரலைன்னா மறுநாள் காலைல டைல்ஸ் கடைல வந்து உக்காருங்க."

டைல்ஸ் கடை என்றதும் மாஸ்டரின் தோள்கள் தொங்கிவிட்டன. கல்யாணமான புதிதில் அங்கே உட்கார்ந்தவர் அவர். வழவழப்பா சொரசொரப்பா, குளியலறைக்கா சமையலறைக்கா என்று கேட்டுக் கேட்டே மனிதர் பாதியாக இளைத்துப்போனாராம். சீமாட்டி வந்த பிறகுதான் அவர் சிரித்தே பார்த்தேன் என்று அவர் மனைவி என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிறு காலை கோடவுன் சுவரோரம், சீமாட்டியின் காதருகே மாஸ்டர் குனிந்து நின்றதை நான் பார்த்தேன். "இன்னிக்கு ஒருநாள் மட்டும் வந்துடு தாயே, காலைப் பிடிக்கறேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். தலைவர்தான்! கேலி செய்ய வாய் வரவில்லை எனக்கு.

பரீட்சை தொடங்கியது. மற்றக் குதிரைகளை அன்று அழைத்து வரவில்லை. மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் மகள், அதாவது மாஸ்டரின் மனைவி, கையில் அப்பாவுக்கான தண்ணீர் பாட்டிலோடு. மாஸ்டர் கயிற்றைக் கழற்றினார். முதுகைக் காட்டினார். நடந்தார்.

சீமாட்டி அந்த முதுகைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த காகிதப் போஸ்டரைப் பார்த்தாள். 'நம்பிக்கையே தலைமை' என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நம்பிக்கையைக் கிழித்து நிதானமாக மெல்லத் தொடங்கினாள்.

மாமனார் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியையின் கால்கள் கிளம்பிவிட்டன. பழக்க தோஷம், வேறென்ன! அவர் பின்னால் பல் டாக்டர், டாக்டர் பின்னால் டிரைவிங் ஸ்கூல்காரர், கடைசியில் நான். சரளைக் கல்லில் எங்கள் காலடிகள் சரக் சரக்கென்று கேட்க, முன்னால் போன மாஸ்டருக்குப் பூரிப்பு தாளவில்லை.

"கேக்குதா மாமா? சத்தம் கேக்குதா? அதுதான் நம்பிக்கை!"

கேட்டைத் தாண்டினார். அங்கே நின்றிருக்கலாம். ஜெயித்தவன் நிற்பானா? தெருவில் இறங்கி, லாண்டரியைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி வீறுநடை போட்டார். "மாப்ளே! நில்லுங்க! குதிரை அங்கயே நிக்குது!" என்று கத்தியபடி மாமனார் ஓடி வந்தார். தெருவோ குறுகல், எதிரே லாரி. முந்த இடமில்லாமல் எனக்குப் பின்னால் வரிசையில் மாட்டிக்கொண்டார். "அப்பா, ஓடாதீங்க! டாக்டர் என்ன சொல்லியிருக்கார்?" என்று தண்ணீர் பாட்டிலோடு மகள் அவருக்குப் பின்னால்.

முற்றத்தில் சீமாட்டி நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். ஒரு ஈ, காக்காய் இல்லை. தனியாக விட்டால் எந்தக் குதிரைக்குத்தான் பிடிக்கும்? ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு, வாயில் பாதி போஸ்டரோடு, மகளுக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள்.

தெருமுனையில் மாஸ்டர், "நில்!" என்றார். எல்லோரும் நின்றோம். சீமாட்டியும் நின்றாள்.

நன்றாக நடந்த குதிரையின் நெற்றியைக் கண்ணை மூடி வருட வேண்டும் என்பது அவருடைய பாடத்தின் கடைசிக் கட்டம். மாஸ்டர் கண்களை மூடினார். திரும்பினார். கையை நீட்டி, தலைமையாசிரியையின் நெற்றியை அன்போடு வருடினார்.

"சமத்து! எஞ் செல்லம்!"

"ரொம்ப நன்றி" என்றார் தலைமையாசிரியை, கம்பீரம் குறையாமல்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். அவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. வரிசையை ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசியில் காகிதம் மென்றுகொண்டிருந்த சீமாட்டியைப் பார்த்தார். தோள்கள் மறுபடி விரிந்தன.

"மாமா, குதிரை கேட்டைத் தாண்டி வந்திருக்கா, இல்லையா?"

"வந்திருக்கு," என்று மூச்சு வாங்கினார் மாமனார். "உங்க பின்னால இல்ல மாப்ளே. எம் பொண்ணு பின்னால."

"உங்க பொண்ணு யாரு பின்னால வந்தா?"

"எம் பின்னால."

"நீங்க?"

மாமனார் வாயைத் திறந்தார். மூடினார். அம்மா காலமான பிறகு அப்பாவை வாயடைக்க வைத்த முதல் ஆள் மாஸ்டர்தான் என்று பிறகு மகள் சொன்னார். அப்போது அவர் பாட்டிலை வாயில் வைத்துச் சிரிப்பை மறைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, முற்றத்த வச்சுக்குங்க. வாங்க போலாம், வெயில் ஏறுது" என்று மாமனார் எல்லோருக்கும் முன்னால் நடக்கத் தொடங்கினார். நாங்கள் பின்தொடர்ந்தோம். நடு வழியில் அவர் தோள்கள் இலேசாக விரிவதைக் கவனித்தேன். கோடவுன் வந்து சேரும்வரை அவரும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தொற்றிக்கொண்டுவிட்டது!

என்னிடம்தான் குதிரையே இல்லையே என்று நீங்கள் நிம்மதியாகச் சிரிப்பது தெரிகிறது. கடைத்தெருவில் வீட்டுக்காரியிடம் உலக விவகாரம் பேசிக்கொண்டே முன்னால் போகிறீர்களே, அவர் வளையல் கடையில் நின்றுவிட்டது எப்போது என்று தெரியுமா? ஆபீசில் "நாம எல்லாரும் சேர்ந்து" என்று ஆரம்பிக்கிறீர்களே, அந்த எல்லாரும் இப்போது எங்கே டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்? திரும்பிப் பாருங்கள் என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் பார்க்கமாட்டீர்கள். ஒன்றே ஒன்று: பின்னால் காலடிச் சத்தம் கேட்டுப் பூரித்து, வருடிக் கொடுக்கக் கையை நீட்டுகிற அந்த நேரத்தில் கண்ணை மட்டுமாவது திறந்துகொள்ளுங்கள். எல்லாத் தலைமையாசிரியைகளும் நன்றி சொல்லமாட்டார்கள்.