ஏழு நல்ல பனியன்

“ஏனுங்கக்கா, நம்ம கம்பெனியில எத்தனை வகை பனியன் போடறமுங்க?”

பனியனை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த மயிலாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஒண்ணுதான் கண்ணு. கை வெச்சது, கை இல்லாததுன்னு பிரிச்சா ரெண்டு. ஏன், தூக்கத்துல எந்திரிச்சு வந்துட்டியா?”

“ஏழு வேணுமாம்.”

“ஆருக்கு?”

“பெஜவாடாக்காரருக்கு.”

ஈஸ்வரமூர்த்தியின் கையில், தெலுங்கு தேசத்து பெஜவாடாவில் கடை வைத்திருப்பவர் அனுப்பிய இங்கிலீஷ் கடிதம் இருந்தது. கோயமுத்தூர்ப் பக்கம் ராயபுரத்தில் பசீர் அகமதுவின் பனியன் கம்பெனிக்கு அவன்தான் இங்கிலீஷ் குமாஸ்தா. மூன்று மாதத்துக்கு முன்புவரை அவனும் மயிலாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பனியன் மடித்தவன்தான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் என்று தெரிந்ததும் முதலாளி ஒரு மேசையும் நாற்காலியும் வாங்கிப் போட்டார். அந்த மேசையைப் பார்த்த பிறகுதான் தாராபுரத்தில் பெண் கொடுக்கச் சம்மதித்தார்கள். பெண்ணின் அப்பா நேரில் வந்து, டிராயரை இழுத்து, அதில் பூட்டு இருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். தை மாதம் கல்யாணம்.

“கடுதாசியில ஒரு தப்பு வந்துச்சுன்னா தம்பி, மேசையை வித்துப்போட்டு உன்னை மறுபடி மயிலாகிட்ட உக்கார வெச்சிருவேன்” என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

“அவருக்கு நீ என்னத்தை எழுதின?” என்றாள் மயிலாள்.

“முதலாளி சொன்னதைத்தானுங்க. ‘நம்முளுது நல்ல பனியன், நூலு நல்ல நூலு, தையல் நல்ல தையல், பெட்டி நல்ல பெட்டி’ன்னு ஏழு தடவை நல்ல நல்லன்னு சொன்னாரு. ஒரே வார்த்தையை ஏழு தடவை எழுதினா, படிச்சவன் எழுதினாப்ல இருக்குமுங்களா?”

அதற்கென்றே கோயமுத்தூர் பிளாட்பாரத்தில் ஒரு புத்தகம் வாங்கி வைத்திருந்தான். ஒரு வார்த்தையைச் சொன்னால் அதே பொருளில் வரும் மற்ற வார்த்தைகளையெல்லாம் அது வரிசையாகக் கொடுக்கும். ‘குட்’டுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். அதில் பொறுக்கி எடுத்து குட், நைஸ், ஃபைன், எக்ஸலண்ட், ஸ்ப்ளெண்டிட், சுபீரியர், சுப்ரீம் என்று இடத்துக்கு ஒன்றாகப் போட்டான். எழுதி முடித்துவிட்டு, தபாலில் சேர்க்க மனசே வராமல் மூன்று முறை படித்தான்.

இப்போது வந்திருக்கும் பதிலில் அந்த ஏழு வார்த்தைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக, எண் போட்டு நின்றன. ஒவ்வொன்றுக்கும் நேராகப் பத்து டஜன்.

“ஏழும் ஒண்ணுதானா?”

“ஒண்ணேதானுங்க. எல்லாத்துக்கும் நல்லதுன்னுதான் அர்த்தம்.”

“ஃபைன்னா அபராதமில்ல? லேட்டா வந்தான்னு போன வாரம் கந்தவேலுக்கு நாலணா ஃபைன் போட்டாங்களே!”

“அதுவும் ஃபைன்தானுங்க. இது வேற. இது நல்ல ஃபைன்.”

“நல்ல அபராதமா! கந்தவேலுகிட்டச் சொல்லு, சந்தோசப்படுவான்.”

“சிரிக்காதீங்கக்கா. தப்பா எழுதிட்டேன்னு மறுகடுதாசி போடலாம்னா, அதுல முதலாளி கையெழுத்து வேணும். என்ன தப்புன்னு கேப்பாரு. அப்புறம் எனக்கு மேசை ஏது, தாராபுரம் ஏது?”

மயிலாள் யோசித்தாள்.

“சரக்கு ஒண்ணு, வெலை ஒண்ணு. பேரு ஏழு இருந்தா என்ன குடி முழுகிப்போச்சு? எங்க கொழுந்தனாருக்கு ரேசன் கார்டுல ஒரு பேரு, ஊட்டுல ஒரு பேரு. ஏழு சீட்டு அடிச்சு ஒட்டி அனுப்பிரு.”

மயிலாளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஏழு சீட்டும் ஏழு நிறத்தில் வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் ஆறு நிறத்துக்குத்தான் காகிதம் இருந்தது. ஏழாவதற்கு, நின்றுபோன ஒரு கல்யாணத்தின் தங்கக் கரை போட்ட அட்டையை வெட்டிக் கொடுத்தார்கள். அதில் ‘சுப்ரீம்’ அச்சாயிற்று.

பார்சல் ரயிலேறியது. பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது.

“என்ன சொல்றாரு?”

“நைஸ் நகரவே மாட்டேங்குதாம். சுப்ரீம் ஒரே வாரத்துல தீந்துபோச்சாம். நைஸைத் திருப்பி அனுப்பறாங்க, அதுக்குப் பதிலா சுப்ரீம் வேணுமாம்.”

“தங்கக் கரையில்ல போட்டிருக்குது, பின்ன?”

“ரெண்டும் ஒரே பனியனுங்கக்கா!”

“அது உனக்கும் எனக்கும் தெரியும். பசையை எடு.”

திரும்பி வந்த பெட்டிகளில் நைஸ் சீட்டைச் சுரண்டிவிட்டு சுப்ரீம் சீட்டை ஒட்டினாள். அதே பெட்டி, அதே ரயில். அடுத்த கடிதம் இன்னும் நீளமாக இருந்தது.

“இந்தத் தடவை வந்த சுப்ரீம், போன சுப்ரீமை விட ஒசத்தியாம். குட்டும் ஃபைனும் திரும்பி வருதாம்.”

“வரட்டும். பசை இன்னும் ஒரு கிண்ணம் இருக்குது.”

வாரம் தவறாமல் கடிதம் வந்தது. வாரம் தவறாமல் ஈஸ்வரமூர்த்தி பதில் எழுதினான். சுப்ரீம் மட்டும் ஏன் ஒசத்தி என்று கேட்டதற்கு, அது நல்ல மிஷினில் வருகிறது என்று எழுதினான். கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே பசைக் கிண்ணத்தை மேசைக்கு அடியில் தள்ளினான். பசீர் அகமது மட்டும் பூரித்துப்போனார்.

“பரவால்ல தம்பி. மேசை வாங்கினது வீண் போகல. எந்நேரமும் எழுதிக்கிட்டே இருக்கே!”

மார்கழி பிறந்த வாரம் வந்த கடிதத்தை அவன் இரண்டு முறை படித்தான். இதை மறைக்க முடியாது. முதலாளியிடம் போய் நின்றான்.

“பெஜவாடா முதலாளி நேர்ல வர்றாருங்க.”

“வரட்டும், நல்ல காரியம். எதுக்காம்?”

“மிஷினைப் பாக்கறதுக்குங்க.”

“எந்த மிஷினை?”

“நல்ல மிஷினைங்க.”

“நம்ம ஆறு மிஷினும் நல்ல மிஷின்தானே!”

“அதைத்தானுங்க நானும் எழுதினேன்” என்றான். அவன் அந்த வருஷத்தில் சொன்ன ஒரே உண்மை அது.

பெஜவாடாக்காரர் வருகிற வெள்ளிக்கிழமை காலையில், மயிலாள் யோசனைப்படி, மூன்றாவது பின்னல் மிஷினுக்கு மட்டும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஏறியிருந்தன. பசீர் அகமது நின்று பார்த்தார்.

“ஏம்மா மயிலா, ஆயுத பூசை முடிஞ்சு ரெண்டு மாசமாச்சே?”

“கந்தவேலு வேண்டுதலுங்க. இனி லேட்டா வரமாட்டேன்னு.”

மிஷின் ஓட்டுகிற கந்தவேல் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஆமாங்க” என்றான்.

பத்து மணிக்கு ஜட்கா வண்டியில் பெஜவாடா முதலாளி வெங்கடரத்தினம் வந்து இறங்கினார். தெலுங்கு தவிர வேறு பாஷை தெரியாதவர். கூடவே அவருடைய குமாஸ்தா சிவசுப்பிரமணியம். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா, சொந்த ஊர் திருத்தணி. அதுவரை அவர் எழுதிய கடிதங்களை மட்டுமே பார்த்திருந்த ஈஸ்வரமூர்த்திக்கு, அவர் தமிழில் வணக்கம் சொன்னதும், இனி இங்கே பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும் என்பது உறைத்தது.

அவர்கள் செருப்பைக் கழற்றும்போது மூன்றாவது மிஷினில் ஊசி முறிந்து, மிஷின் நின்றது. கந்தவேல் ஒரு நொடி திகைத்தான். பிறகு மாலையைக் கழற்றி நான்காவது மிஷினுக்குப் போட்டுவிட்டு, அங்கே போய் நின்றுகொண்டான்.

வெங்கடரத்தினம் மாலை போட்ட மிஷினைக் கும்பிட்டார். அதிலிருந்து இறங்கிய துணியை விரலால் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொன்னார்.

“கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தத் துணி தனியாத் தெரியும்ங்கறாரு” என்று சிவசுப்பிரமணியம் தமிழில் சொன்னார்.

வெங்கடரத்தினம் அடுத்திருந்த ஐந்தாவது மிஷினின் துணியைத் தொட்டார். முகம் சுளித்து, விரலை வேட்டியில் துடைத்தார்.

“நைஸ்!”

இங்கிலீஷில் தெரிந்த சில வார்த்தைகளில் அதுவும் ஒன்றாக இருந்ததால், பசீர் அகமது நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார்.

பிறகு பெஜவாடாக்காரர் ஏதோ நீளமாகப் பேசினார். சிவசுப்பிரமணியம் தொண்டையைச் செருமினார்.

“மாலை போட்ட மிஷின் இனி எங்களுக்கு மட்டும்தான் ஓடணும்ங்கறாரு. மத்த மிஷின் துணி வேண்டாமாம்.”

பசீர் அகமதுவின் புருவம் உயர்ந்தது.

“அதென்னங்க அது? ஆறும் ஒரே மிஷினு, ஒரே நூலு, ஒரே ஊசி. ஒரு வித்தியாசமும் இல்லீங்க. பொய் சொல்லி யாவாரம் பண்ணி எனக்குப் பழக்கமில்ல. உள்ளதை உள்ளபடி உங்க முதலாளிகிட்டச் சொல்லிருங்க.”

ஈஸ்வரமூர்த்தி சுவரில் சாய்ந்துகொண்டான். மேசையை யாரோ தூக்கிக்கொண்டு போவதும், டிராயரை ஆட்டி ஆட்டி தாராபுரத்து மாமனார் சிரிப்பதும் கண்ணில் தெரிந்தன. மயிலாள் தன் பக்கத்தில் ஒரு முழ அளவுக்குத் தரையைக் கூட்டிவிட்டு, “வா கண்ணு” என்பதுபோல் பார்த்தாள்.

சிவசுப்பிரமணியம் தெலுங்கில் ஏதோ சொன்னார். பசீர் அகமது சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. வெங்கடரத்தினத்தின் முகம் மலர்ந்தது. பசீர் அகமதுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு முதலாளிகளும் டீ குடிக்கப் போனார்கள்.

ஈஸ்வரமூர்த்தி சிவசுப்பிரமணியத்தைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டு வந்தான்.

“சார், நான் உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறனுங்க. ஏழு வகையெல்லாம் கிடையாதுங்க. அந்த ஏழு வார்த்தையும்…”

“ஒண்ணுதான். தெரியும்.”

“தெரியுமுங்களா!”

“இதோ உங்க மேசையில கிடக்கற அதே புத்தகம் எங்கிட்டயும் இருக்கு. நூத்திப் பதினாலாம் பக்கம்.”

“அப்புறம் ஏனுங்க சார் ஏழையும் பட்டியல் போட்டு ஆர்டர் அனுப்பினீங்க? இப்பக்கூட எங்க முதலாளி உள்ளதைச் சொன்னாரே, அதை என்னன்னு மாத்திச் சொன்னீங்க?”

“‘சரி, அந்த மிஷின் உங்களுக்கு மட்டும்தான், விவரமெல்லாம் இங்கிலீஷ் கடுதாசியில விளக்கமா எழுதறோம்’னு சொன்னார்னு சொன்னேன்.”

“எனக்கு ஒண்ணுமே புரியலீங்க.”

சிவசுப்பிரமணியம் ஈஸ்வரமூர்த்தியின் மேசையை ஆசையாகத் தடவினார். டிராயரை இழுத்தார். பூட்டைப் பார்த்தார்.

“உங்க முதல் கடுதாசி வந்த அன்னைக்குத்தான் எங்க முதலாளி, ‘மாசத்துக்கு ஒரு இங்கிலீஷ் கடுதாசி வர்ற கடையில இவனுக்கு எதுக்கு ஒரு மேசை’ன்னு கேட்டாரு. ஏழும் ஒண்ணுன்னு சொல்லியிருந்தா நான் மறுநாளே திருத்தணிக்கு ரயில் ஏறியிருப்பேன் தம்பி. வர்ற வாரம் மறுபடி எல்லாரும் நைஸைக் கேக்கறாங்கன்னு எழுதறேன், பதில் மட்டும் கொஞ்சம் நீளமாப் போடுங்க!”