ஏரோ அக்காவும் பள்ளிக்கூடத்துக் குழாயும்

பள்ளி என்றால் மாணவியருக்குத் தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். எங்கள் தெருப் பள்ளியிலும் இருந்தது. சட்டத்தைக் குறை சொல்ல வழியில்லை. குழாயில் தண்ணீர் மட்டும் வராது.

திருப்பூரில் ஏரோ அக்காவின் கண்ணுக்குத் தப்பிய குறை இன்னும் பிறக்கவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால், அதைக் காட்டிச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதற்குப் பெயர் ஏரோ. குறை இல்லாவிட்டால் 'பாஸ்'. அக்காவின் பழக்கம் கம்பெனி கேட்டோடு நிற்கவில்லை. ரேஷன் கடைத் தராசு, சுகாதார நிலையத்தில் டாக்டரின் காலி நாற்காலி, எல்லாவற்றிலும் ஏரோ. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை சட்டையிலேயே ஒட்டிவிட்டார்.

"தையல் விட்டிருக்குதுங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க பாக்கறதுக்குள்ள சொல்லோணுமல்லங்க?"

அவர் மகள் அப்போது ஏழாம் வகுப்பு. கழிப்பறைக்குப் பயந்து பெண் பிள்ளைகள் பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. வயிற்றுவலி, ஊசி, லீவு. கடைசியில் மகள், "நானும் கம்பெனிக்கே வர்றேம்மா" என்றுவிட்டாள். அன்றுதான் அக்கா என்னிடம் வந்தார்.

நான் அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பொருள், பார்வை, நகல் எல்லாம் வைத்து மனு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டலும் எழுதினேன். அதற்கும் இல்லை.

"முறைப்படி அடுத்தது மேல்முறையீடும்மா."

"உங்க முறை முடியறதுக்குள்ள எம்புள்ள பேரன் எடுத்துருவாளுங்க சார்."

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அம்மாக்கள் பாதிப் பேர் செக்கிங்காரர்கள். விரிசல் விட்ட தொட்டி, உடைந்த தாழ்ப்பாள், வறண்ட குழாய், ஒன்றையும் ஏரோ ஒட்டாமல் விடவில்லை. பள்ளிக்கே அம்மை போட்டதுபோல் ஆயிற்று.

மறுநாள், புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரைப் பார்வையிட மாநகராட்சிப் பொறியாளர் வந்தார். வெளியூர்க்காரர். அம்புக்குறியைப் பார்த்து மகிழ்ந்துபோனார்.

"பரவாயில்லையே, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ரூட் எல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க!"

தலைமையாசிரியை வாய் திறப்பதற்குள் அம்புகளின் பின்னாலேயே போனார். தொட்டி, தாழ்ப்பாள், கடைசியில் கழிப்பறை. கை கழுவலாம் என்று குழாயைத் திறந்தார். காற்று வந்தது.

வாசலில் அக்கா நின்றிருந்தார். "ரூட்டு சரியாத்தானுங்க சார் இருக்குது. தண்ணிக்குத்தான் வழி தெரியலீங்க."

நல்ல மனிதர். கண்ணால் கண்டதை அப்படியே எழுதி, குழாய் இணைப்புக்கு அனுமதி வாங்கித் தந்தார். பள்ளம் தோண்ட ஆள் இல்லை என்றது அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவே மண்வெட்டியோடு திரண்டது. சாயப்பட்டறை ஃபிட்டர் குழாயைப் பூட்டினார். தண்ணீர் கொட்டியதும் அக்கா போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது.

"பாஸ்!"

மகள் இப்போது எட்டாம் வகுப்பு. கம்பெனிப் பேச்சே இல்லை.

என் மனுவுக்கும் பதில் வந்தது: "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது." தலையில் அடித்துக்கொண்டு அக்காவிடம் காட்டினேன்.

"உடுங்க சார். இத்தன நாளும் தொலைக்காம வெச்சிருந்தாங்களே" என்று மடித்துக் கொடுத்தார்.

அவர் ஏரோ ஒட்டாமல் விட்ட ஒரே காகிதம், நான் மனுப் போட்டு வாங்கிய அந்தப் பதில்தான். அது வந்த நாள், குழந்தைகள் தினம்.