நூற்று இருபதிலேயே உட்கார்ந்தவள்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். தூறல் நின்றும் நிற்காமல், வெயில் வந்தும் வராமல், வானம் எந்த முடிவுக்கும் வராதிருந்த நேரம். நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில், சீர்மைப் பிரிவு அலுவலர் முன்பாகத் தையற்காரம்மாவும் அவர் மகளும் ஈரக் குடையோடு ஆஜரானார்கள்.

குற்றம் பெரிது. கடந்த ஆறு மாதிரித் தேர்வுகளில், கேள்விக்கு ஒன்று வீதம் இருநூற்றுக்கு மகள் பெற்ற மதிப்பெண்கள் முறையே 162, 118, 155, 121, 170, 109.

"இதென்னம்மா, மதிப்பெண்ணா ஊஞ்சலா?" என்றார் அலுவலர், வரைபடத்தின் மேல் விரலை ஏற்றி இறக்கி.

"நூத்தி எழுபதுகூட எடுத்திருக்காளே சார்."

"பிரச்சினையே அதுதான். அது மட்டும் இல்லன்னா கோடு எவ்வளவு அடக்கமா இருந்திருக்கும்!"

விதி தெளிவானது. அடுத்தடுத்த மூன்று தேர்வுகளுக்குள் ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபாடு இல்லாதவர்களுக்கே சீர்மைச் சான்றிதழ். சான்றிதழ் இல்லாத விண்ணப்பத்தில் நிலையத்தின் முத்திரை விழாது. முத்திரை விழாத விண்ணப்பத்தைத் தேர்வு வாரியம் பிரித்தும் பார்க்காது. கடைசித் தேதிக்குப் பதினாறு நாள் இருந்தது. தவறினால் ஓராண்டு போயிற்று.

அலுவலர் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு மாணவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மாசமா எல்லாத் தேர்வுலயும் நாப்பத்தொண்ணு. இங்க அவளுக்குப் பேரே 'நாப்பத்தொண்ணு'தான். தயார்நிலைன்னா அது!"

"அந்தப் பொண்ணு பாஸாகுமா சார்?"

"ஃபெயிலாகும். ஆனா எந்தத் தடுமாற்றமும் இல்லாம ஆகும்."

தையற்காரம்மா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "என் பொண்ணு என்னதான் செய்யணும்?"

"ஏறுறது யார் கையிலயும் இல்ல. இறங்குறது நம்ம கையில இருக்கு. ஏதாவது ஒரு எண்ணைப் பிடிச்சு அதுலயே உட்காரச் சொல்லுங்க."

வீட்டில், தையல் இயந்திரத்தின் பலகையே ஆலோசனை மேசை ஆயிற்று. நூற்று இருபது என்று தீர்மானித்தார்கள்.

"படிக்கிறது ஏறுறதுக்காம்மா, உட்கார்றதுக்கா?"

"முத்திரை விழற வரைக்கும் உட்காருடி. அப்புறமா ஏறிக்கலாம்."

உட்காருவது ஏறுவதைவிடக் கடினம் என்பது மகளுக்கு முதல் தேர்விலேயே விளங்கியது. தெரிந்த நூற்று இருபது கேள்விகளுக்கு மட்டும் விடையளித்துவிட்டு மீதியை வெறுமையாக விட்டாள், வந்தது 111. தெரியும் என்று நம்பியவற்றில் ஒன்பது, ஊகங்கள். இத்தனை நாள் ஏற்ற இறக்கம் என்று பெயர் பெற்றிருந்தது, ஊகம் பலித்த நாளும் பலிக்காத நாளும்தான்.

அன்று முதல், ஊசியில் நூல் கோத்தபடியே தாய் விசாரணை நடத்தினார்.

"இது நிச்சயமா?"

"நிச்சயம்மா."

"எப்படிச் சொல்றே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

இயற்பியல் அறியாத ஒருத்திக்குப் புரியும்வரை சொல்லிச் சொல்லி, ஊகங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. அடுத்த தேர்வில் 118. பிறகு 120. கடைசித் தேர்வில், எந்த எண்பது கேள்விகளை விடுவது என்பதே அவளுக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது. தெரிந்ததை எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்து, மறுபடியும் 120 பெற்றாள்.

அலுவலருக்கு ஆனந்தம் தாளவில்லை. 'அசையா மதிப்பெண்ணாளர்' என்ற பட்டத்தோடு சான்றிதழ் வழங்கி, முத்திரையைத் தம் கையாலேயே குத்தினார்.

உண்மைத் தேர்வின் முடிவு வெளியானது. 188. அன்று மாலையே தாய்க்கும் மகளுக்கும் அலுவலரிடமிருந்து அழைப்பு வந்தது.

"அறுபத்தெட்டு மதிப்பெண் விலகல்! நூத்தி இருபதுன்னு நாங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம். என்ன நடந்துச்சு?"

"தெரிஞ்சதையெல்லாம் எழுதிட்டேன் சார்."

"யாரைக் கேட்டு எழுதினே?"

"சீட்டு கிடைச்சிருச்சு சார்," என்றார் தாய்.

"கிடைக்கட்டும்மா, சந்தோஷம். கோப்புக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கதவு திறந்தது. நிலையத்தின் இயக்குநர் தலையை நீட்டினார். "நூத்தி எண்பத்தெட்டா? முதல்ல போட்டோ எடுய்யா!"

மறுநாள் காலை ஆறு மணிக்கு, '188: சீர்மைப் பயிற்சியின் வெற்றி' என்ற பலகையை இயக்குநர் வாசலில் மாட்டினார். அலுவலர், வாழ்த்துக் கடிதத்தையும் விளக்கம் கேட்கும் நோட்டீஸையும் ஒரே உறையில் போட்டு ஒட்டினார். உண்மைத் தேர்விலும் சொல் தவறாமல் 41 பெற்றிருந்த நாற்பத்தொன்று, தன் படத்தைக் கழற்ற ஏறிய பணியாளருக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்துண்ணா, ஆடாம இறங்குங்க" என்றாள். 188 வாங்கியவள் ஒன்பது மணிவரை தூங்கினாள்.

தையற்காரம்மா எட்டு மணிக்கே, ஆறாம் வகுப்பு படிக்கும் இளைய மகளின் விண்ணப்பத்தோடு நிலையத்தின் வாசல் வரிசையில் நின்றார்.

"இவங்களால ஒண்ணுமே வரலைன்னு நேத்து நீங்கதானே அக்கா சொன்னீங்க?" என்றாள் வரிசையில் முன்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி.

"இப்பவும் அதேதான் சொல்றேன். அத்தனையும் பித்தலாட்டம். அதுக்காக, ஊரே சேர்க்கும்போது நாம மட்டும் சேர்க்காம இருக்க முடியுமா? கொஞ்சம் நகரும்மா, கதவைத் திறக்கறாங்க."