ஆறங்குலத் தண்டவாளம்

"தொட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"நான் தொடலை. ஏணிதான் தொட்டுச்சு" என்றார் மாப்பிள்ளை.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். கூடத்தில் டியூப் லைட் மாற்றுவதற்காகப் போட்ட ஏணிதான். அதன் கால் மேஜையின் ஓரத்தில் லேசாக இடித்தது. சத்தம்கூட வரவில்லை. ஆனால் பாலத்தைத் தாண்டி வளைந்து போகும் இடத்தில் ஆறங்குலத் தண்டவாளம் பெயர்ந்து, தலையைத் தூக்கிய பல்லி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"நம்ம கதை முடிஞ்சுது" என்றாள் மனைவி.

அவள் மிகையாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அந்த மேஜை அவளுடைய அம்மாவின் மேஜை. மாப்பிள்ளையின் மாமியார் முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே சிக்னல் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பணி ஓய்வு பெற்ற மறுநாள் கூடத்தில் பாதியை வளைத்துப் போட்டார். மூன்று வருஷம் குனிந்த தலை நிமிராமல் உழைத்து, ஒட்டுப்பலகை மேல் தெர்மோகோல் போட்டு, இரண்டு ஸ்டேஷன், ஒரு பாலம், சுரங்கம் குடைந்த ஒரு மலை, நாற்பதடி தண்டவாளம் என்று மாதிரி ரயில்வே ஒன்றையே கட்டி எழுப்பினார். மாதிரி ரயில் சங்கத்தில் இருக்கும் பதின்மூன்று பேரில் அவர் ஒருவர்தான் பெண். முதல் கூட்டத்துக்குப் போனபோது, "வீட்டுக்காரர் பின்னாடி வர்றாரா?" என்று கேட்டார்களாம். நாளை காலை பத்து மணிக்கு மீதிப் பன்னிரண்டு பேரும் முதல்முறையாக அவருடைய ரயிலைப் பார்க்க வருகிறார்கள்.

வியாழக்கிழமை மாமனாரின் தங்கை வீட்டுக்கு வெளியூர் போன மாமியாரும் அவரும் இன்று மாலை ஆறு மணிக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

"அம்மாவுக்கு ஃபோன் போட்டு, எதை வச்சு ஒட்டணும்னு கேட்டுடுங்க."

"கேட்டா, ஏன்னு கேப்பாங்களே."

"உண்மையைச் சொல்லுங்க."

"நீ சொல்றியா?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்குத் தன் கைமேல் நம்பிக்கை இருந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவர் வேலை. கடுகளவு திருகாணியைக் கண்மூடித் திருகுகிற கை. "ஆறங்குலம்தானே, ஒட்டிட்டாப் போச்சு" என்று மேஜை டிராயரைத் திறந்தார். செருப்பு ஒட்டுவதற்காக வாங்கிய சூப்பர் க்ளூ கிடைத்தது. மூன்றே சொட்டு. தண்டவாளத்தை அழுத்திப் பிடித்தார். ஐந்தாவது விநாடி பிடித்துக்கொண்டது.

தண்டவாளம் அரை விரல் அகலம் கோணலாகப் பிடித்துக்கொண்டது. கூடவே அவருடைய ஆள்காட்டி விரலும்.

"ஏன் குனிஞ்சே நிக்கறீங்க?"

"விரல் வரலை."

"வரலைன்னா?"

"வரலைன்னா வரலைடி! தண்டவாளத்தோட ஒட்டிக்கிச்சு!"

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளவென்றிருந்த தண்டவாளத்தின் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்தது. சுவரில் உப்புப் பூப்பது மாதிரி பசையின் ஆவி இரண்டு பக்கமும் பூத்துக்கொண்டே போனது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நகப் பாலிஷ் எடுக்கிற திரவம் வச்சிருக்கியே, அதைக் கொண்டா. கடையில ஒருதரம் விரல் ஒட்டினப்போ அதாலதான் எடுத்தோம்."

அவள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை விரல்மேல் தாராளமாக ஊற்றினார். விரல் விடுபட்டது. அவர் "அப்பாடா" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தத் திரவம் தண்டவாளத்துக்கு அடியில் ஓடி, மலையடிவாரத்தைத் தொட்டது.

மலை கரைந்தது.

சத்தமில்லாமல், அவசரமில்லாமல், சுடுநீரில் போட்ட சர்க்கரை மாதிரி உள்ளே போனது. தெர்மோகோலுக்கும் அந்தத் திரவத்துக்கும் ஜென்மப் பகை என்பது மாப்பிள்ளைக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. சுரங்கத்தின் வாய் பொக்கை வாயானது. பக்கத்திலிருந்த ஸ்டேஷன் ஒருபக்கமாகச் சாய்ந்து, பிளாட்பாரத்தில் நின்ற ஏழு பயணிகளோடு பள்ளத்தில் இறங்கிவிட்டது.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். "மூணு வருஷம்" என்றாள்.

மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு தெருக்கோடியில் இருந்த ஹார்டுவேர் கடைக்கு ஓடினார்.

"என்ன சார் வேணும்?"

"தண்டவாளம் ஒட்டணும். நல்ல பசையா ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "என்ன ஒட்டணும்?"

"தண்டவாளம். ஆறங்குலம் பெயர்ந்து வந்துடுச்சு. பக்கத்துல மலையும் சரிஞ்சுடுச்சு. ஸ்டேஷன் பள்ளத்துல கிடக்கு."

கடைக்காரரின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. "ஜனங்க?"

"ஏழு பேர் உள்ள விழுந்துட்டாங்க. எடுத்துடலாம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ரயில் ஓடியாகணும், அதான் பிரச்சினை."

"சார், நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" கடைக்காரரின் கை மெதுவாக ஃபோனை நோக்கிப் போனது. "தண்டவாளத்தை எங்க கடைப் பசையை வச்சா சார் ஒட்டறீங்க? இத்தனை நாளா அப்படித்தான் ஒட்டறீங்களா? என் பொண்ணு தினமும் ரயில்லதான் சார் காலேஜ் போறா!"

பொம்மை ரயில் என்று புரியவைப்பதற்குள் மாப்பிள்ளைக்கு வியர்த்து வழிந்தது. கடைக்காரர் தண்ணீர் குடித்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, ரப்பர் சொல்யூஷன் டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். "இதை வச்சு ஒட்டினா யானை இழுத்தாலும் வராது" என்றார்.

மாப்பிள்ளை பழைய அட்டைப்பெட்டியிலிருந்து புதுத் தெர்மோகோல் வெட்டி, பள்ளத்தில் அடைத்து, சுற்றிலும் ரப்பர் சொல்யூஷனைப் பூசினார். வீடு முழுக்க பெட்ரோல் பங்க் மாதிரி நாறியது. மனைவிக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டுத் திரும்பி வந்தவள், "என்னங்க, பள்ளம் பெரிசான மாதிரி இருக்கே" என்றாள்.

பெரிதாகித்தான் இருந்தது. அடைத்ததையும் தின்றுவிட்டு, அடுத்ததையும் பசை தின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். 'தெர்மோகோலில் பயன்படுத்தக் கூடாது' என்று எறும்பெழுத்தில் போட்டிருந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர் அதைப் படிக்கவில்லை.

மறுபடி கடை.

"மலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. வாசனை வரக் கூடாது. மேல பட்டாலும் எரியக் கூடாது. அப்படி ஒரு பசை இருக்கா?"

"முதல்லயே இப்படிக் கேட்டிருக்கலாமே சார்." கடைக்காரர் தச்சர்கள் வாங்கும் வெள்ளைப் பசையை நீட்டினார். "இது தண்ணியில கரையிற பசை, ரொம்ப சாது. பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, பாத்திரம் கழுவற சோப்பு ஒரு சொட்டு விட்டுக்குங்க. அப்பதான் சந்து பொந்தெல்லாம் இறங்கும். ஆனா ஒண்ணு சார், காய ஒரு நாள் ஆகும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை மாப்பிள்ளையின் காது வாங்கிக்கொள்ளவில்லை.

இந்த முறை எல்லாம் சரியாகத்தான் போனது. பசை சாதுவாகத்தான் இறங்கியது. கொஞ்சம் ஊற்றினால் கொஞ்சம் பிடிக்கும், நிறைய ஊற்றினால் நிறையப் பிடிக்கும் என்ற கணக்கில் அவர் ஒரு சொம்பு முழுவதையும் ஊற்றினார். பாலத்துக்குக் கீழே முதல்முறையாக ஆறு ஓடியது, பால் வெள்ளையாக. அது சந்து பொந்தெல்லாம் இறங்கி, ரயிலைத் தடம் மாற்றிவிடும் குட்டி மோட்டாருக்குள்ளும் இறங்கியது. மோட்டார் ஒருதரம் உறுமிவிட்டு, நிரந்தரமாக மௌனமானது.

"மணி மூணரை" என்றாள் மனைவி. "இன்னும் ஈரமா இருக்கு."

"முடி காய வைக்கிற மெஷினைக் கொண்டா."

"வேணாங்க."

"கொண்டாங்கறேன்ல!"

சுவிட்சைப் போட்டதும் கிளம்பிய காற்றில் தண்டவாளத்து ஓரம் தூவியிருந்த கல்பொடி மொத்தமும் எழும்பியது. விரல் நகம் உயரப் பயணிகள் பறந்தார்கள். மரங்கள் பறந்தன. பறந்ததெல்லாம் பசையில் இறங்கி அங்கங்கே ஒட்டிக்கொண்டது. ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னல் கம்பத்தில் தலைகீழாகத் தொங்கினார். ஒரு பசுமாடு மாப்பிள்ளையின் புருவத்தில் நின்றது.

அப்போது வாசல் மணி அடித்தது.

"ஆறு மணின்னுதானே சொன்னாங்க?" மாப்பிள்ளையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நாளைக்கு வேலை இருக்குன்னு முன்னாடி ரயிலையே பிடிச்சுட்டோம்" என்று சொல்லிக்கொண்டே மாமியார் உள்ளே வந்தார். பின்னால் இரண்டு பைகளோடு மாமனார். மாமியார் செருப்பைக் கழற்றினார். தலையைத் தூக்கினார்.

மாப்பிள்ளை மெஷினை அணைத்தார்.

மாமனாரின் கையிலிருந்து இரண்டு பைகளும் நழுவி விழுந்தன. அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போயிருந்தது.

மாமியார் மேஜையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து முகர்ந்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிரேதப் பரிசோதனை செய்கிற டாக்டர் மாதிரி, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"இந்த வெள்ளைப் படலம் சூப்பர் க்ளூ. அதை எடுக்க நகப் பாலிஷ் திரவம். அதுலதான் மலை போயிருக்கு. இது ரப்பர் சொல்யூஷன். இது வெள்ளைப் பசை..." மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதுல எவ்வளவு ஊத்தினீங்க மாப்பிள்ளை?"

"ஒரு சொம்பு, அத்தை."

"சொம்பா?"

"தண்ணி கலந்துதான் அத்தை."

மாமியார் உட்கார்ந்தார். மூன்று வருஷமும் அவர் கண்ணில் வந்து நின்றது. "அஞ்சு சொட்டு போதும் மாப்பிள்ளை" என்றார் மெதுவாக. "மெல்லிசா ஒரு கோடு இழுத்து, மேல தண்டவாளத்தை வச்சு, ரெண்டு பக்கமும் குண்டூசி குத்திட்டு ஒரு நாள் சும்மா விட்டுடணும். நாளைக்கே மனசு மாறினா தண்ணி தெளிச்சு எடுத்துடலாம். எடுக்க வர்ற மாதிரி ஒட்டறதுதான் வேலையே."

மாப்பிள்ளை அவர் எதிரில் வந்து நின்றார். "எல்லாம் என் தப்பு அத்தை. ஏணி இடிச்சு, அந்த ஆறங்குலம் பெயர்ந்துடுச்சு. அங்கதான் ஆரம்பிச்சுது. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"விடும்மா, வேணும்னா செஞ்சார்?" என்றார் மாமனார். சில நிமிஷத்துக்கு முன் வெளுத்துப்போயிருந்தவர் முகத்தில் எப்படியோ ரத்தம் திரும்பியிருந்தது. "தங்கமான மனுஷர். ஏணி பட்டா எதுதான் பெயராது?"

"நீங்க சும்மா இருங்க" என்றார் மாமியார். ஃபோனை எடுத்தார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். நாளைய வருகை ரத்து என்று அவர் சொல்லப்போகிறார், சங்கத்தில் அவரை இனி யாரும் மதிக்கப்போவதில்லை என்று நினைத்தார்.

"செயலாளர் சாரா? நாளைக்குப் பத்து மணிக்கு எல்லாரும் கண்டிப்பா வந்துடுங்க. நோட்டுப் புத்தகம் கொண்டுவரச் சொல்லுங்க. எந்தப் பசை எதைக் கெடுக்கும்னு நீங்க இத்தனை வருஷமா வாயாலதானே சண்டை போடறீங்க? இங்க ஒரே மேஜையில அத்தனைக்கும் அத்தாட்சி இருக்கு. ஆமா, பாடம் எடுக்கிறவரும் இருக்காரு." ஃபோனை வைத்தார். "பன்னெண்டு பேர் முன்னாடி நின்னு, எதுக்கு அப்புறம் எதை ஊத்தினீங்கன்னு வரிசையா நீங்கதான் சொல்லப்போறீங்க மாப்பிள்ளை. அதுக்கப்புறம் புது மலை கட்டி முடியற வரைக்கும் தினமும் சாயங்காலம் என் பக்கத்துல உட்காருங்க. ஆறு மாசம் ஆகும்."

"சரி அத்தை."

"முதல்ல அந்தப் பசுமாட்டை எடுங்க, என்னால பார்க்க முடியலை."

மாமியார் கை கழுவப் போனார். மனைவி வெந்நீரும் துணியும் எடுக்க அடுப்படிக்குப் போனாள். மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்து, ஒரே ஒரு இடியால் இத்தனை பெரிய அழிவா என்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியில் இன்னும் பசை காய்ந்து வெடித்திருந்தது.

மாமனார் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அடுப்படிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு நான் ஜென்மத்துக்கும் கடமைப்பட்டவன் மாப்பிள்ளை" என்று காதோடு சொன்னார். "வியாழக்கிழமை காலையில என் முழங்கை பட்டு அந்த ஆறங்குலம் அப்பவே பெயர்ந்து கையோட வந்துடுச்சு, பற்பசையைத் தடவி நிக்க வச்சுட்டு, உங்க அத்தை கண்ணுல படறதுக்குள்ள ஊருக்குப் போயே ஆகணும்னு அவளைக் கிளப்பினதே நான்தான்."