பஸ் கூரையில் காய்ந்த மோர் மிளகாய்

திண்டுக்கல் வெயிலை ஒரு சொட்டுக்கூட வீணாக்காத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். நாங்களெல்லாம் அதைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் அதில் மிளகாய் காயவைத்தார். அவருக்கு வத்தல் டிரைவர் என்று பெயர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அப்போது நான் சித்தையன்கோட்டையில் வாத்தியார். திண்டுக்கல்லிலிருந்து தினமும் அவருடைய பஸ்ஸில்தான் போய் வருவேன். அவர் மனைவி இறந்துபோய், மூன்று பெண் பிள்ளைகளுடன் இரண்டு கிடங்குகளுக்கு நடுவே ஒரு வீட்டில் இருந்தார். அந்த வீட்டுக்குள் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் இரவில் மோரில் ஊறிய மிளகாய், சுண்டைக்காய், உப்பில் வேகவைத்த கொத்தவரங்காய் எல்லாம் காலையில் மூங்கில் தட்டுகளில் ஏறி, பஸ் கூரையில் கட்டப்பட்டு, எங்களோடு ஊர் சுற்றி வரும்.

புளியமர நிழல் வந்தால் பஸ் பறக்கும். பொட்டல் வந்தால் மாட்டு வண்டி எங்களை முந்தும். பஸ் ஸ்டாண்டில் மற்ற வண்டிகள் வேப்பமரத்தடியில் நிற்க, எங்கள் வண்டி மட்டும் நடுவெயிலில் கொதிக்கும்.

“நெழல்ல நிப்பாட்டுனா என்னய்யா?” என்றேன் ஒரு நாள்.

“பூசணம் பூத்துரும் சார்.”

“யாருக்கு, எங்களுக்கா?”

“மொளகாய்க்கு.”

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிய ஒரு பெரிய மனிதரின் வழுக்கையில் மோர் சொட்டியதும் விவகாரம் முற்றிவிட்டது. பஸ் முதலாளி டிரைவரைக் கூப்பிட்டு, “இன்னொரு தரம் வண்டியில ஒன் வத்தலப் பாத்தேன், காக்கிச் சட்டையக் கழட்டி வச்சுட்டுப் போயிரு” என்று சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தார். அதற்குள் சந்தைக்குப் புது மிளகாய் வந்துவிட்டது. மறுபடியும் கூரையில் தட்டுகள். “வேலை போயிரும்யா” என்றேன். “மூணு பிள்ளைகளுக்கும் வருசம் பூரா சோத்துக்குத் தொட்டுக்கிற வெஞ்சனம் இதான் சார்” என்றார்.

ஒரு சாயங்காலம் செம்பட்டி தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் பிரேக் போட்டார். கண்டக்டர் கூரையில் ஏறித் தட்டு தட்டாக இறக்கினார். வைக்க இடமில்லாததால் ஆளுக்கொரு தட்டு எங்கள் மடியில் வந்து உட்கார்ந்தது. என் தட்டில் பாதி மிளகாய், பாதி கொத்தவரங்காய். மழைத் தண்ணீரோடு வழிந்த மோரில் என் சலவை வேட்டி நனைந்து, தொடை எரிய ஆரம்பித்தது. நல்லா வந்து மாட்டினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

திண்டுக்கல் எல்லையில் குடையோடு ஒருவர் கை காட்டி வண்டியில் ஏறினார். முதலாளி.

ஒவ்வொரு மடியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“இதெல்லாம் யாருது?”

பூக்காரம்மா தட்டை இழுத்து அணைத்துக்கொண்டாள். “எங்க வீட்டுதுங்க. சம்பந்தி வீட்டுக்குக் கொண்டு போறேன்.”

பக்கத்திலிருந்த தரகர், “இது என்னுது” என்றார். பின்சீட்டுக் கிழவர், “எனக்கு வயித்துக்கு ஆகும்னு வாங்கிட்டுப் போறேன்” என்று மிளகாயைத் தடவிக்கொடுத்தார். அம்புட்டுப் பேரும் ஒரே நாளில் வத்தல் வியாபாரி ஆகிவிட்டார்கள்.

முதலாளி என் தட்டிலிருந்து ஒரு கொத்தவரங்காயை எடுத்துக் கடித்தார். “உப்பே பத்தலையே வாத்தியாரே.”

டிரைவர் சீட்டிலிருந்து குரல் வந்தது: “காயாம எப்படித் தெரியும்? காஞ்சா உப்பு ஏறி நிக்கும். அளந்துல்ல போட்டிருக்கேன்.”

பாவி மனுசன், ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா?

முதலாளி மெதுவாகத் திரும்பினார். எனக்கு அந்த மூன்று பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாயால், “எங்க வீட்ல ஆளில்லைங்க. அவர்தான் பக்குவமாப் போட்டுக் குடுத்தாரு” என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். மோர் சொட்டும் என் வேட்டியைப் பார்த்தார். “காயட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப்போனார்.

வத்தல் காய்ந்ததும் ஒரு பொட்டலம் என் வீட்டுக்கு வந்தது. மறுநாள் நான் பஸ்ஸில் ஏறியவுடனே டிரைவர் கேட்டார்: “சார், உப்பு?”

“அளந்து போட்ட மாதிரி இருந்துச்சுய்யா” என்றேன்.

மனிதர் முகம் மலர்ந்து வண்டியை எடுத்தார். உப்பு கம்மிதான். அதை அவரிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை மனசு வரவில்லை.