செல்டாவை முதலில் கண்டெடுத்தவர்கள்

உலகத்தில் ஒருவகை மனிதர்கள் உண்டு. யாராவது புகழ் பெற்றுவிட்டால் போதும், மறுநாள் காலையில் அந்த ஆளை முதன்முதலில் கண்டெடுத்தவர்களாகவே படுக்கையிலிருந்து எழுவார்கள். ‘அப்பவேக்காரர்கள்’ என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். எதைச் சொன்னாலும் ‘அப்பவே’தான்.

எங்கள் ஏரிக்கரை ஊர்ப் பெண் செல்டா இலாகன் தொலைக்காட்சித் தொடரில் கொடுமைக்கார மாமியாராகி, மருமகள் தலையில் சூடான சூப்பை ஊற்றினாள் அல்லவா, அந்த வாரத்திலிருந்து அப்பவேக்காரர்கள் ரொட்டிக்கடை வரிசையிலும், ஊருக்குள் ஓடும் ஜீப்னி வண்டியின் பின்சீட்டிலும், பூசை முடிந்த கோயில் வாசலிலும் பெருகிவிட்டார்கள். புனித வாரத்தில் நாங்கள் போடும் இயேசுவின் பாடுகள் நாடகத்தில்தான் செல்டா முதலில் நடித்தாள். ஆனால் எந்த வேஷம்? அங்கேதான் சண்டை.

“வெரோனிக்கா! துணியால இயேசு முகத்தைத் துடைச்சா பாரு, அந்தக் கண்ணு! அப்பவே எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், இவ டிவிக்குப் போவான்னு” என்பார் முடிதிருத்தும் மாங் தெயோ.

“மகதலேனாங்க! எவ்வளவு நீள முடி! முடி வெட்டறவரு, அதைக்கூடவா கவனிக்கல?” என்பாள் துணிக்கடை லுமிங்.

இந்த வருஷ நாடகத்துக்குச் செல்டாவே வந்தாள். அவளுடைய முதல் வேஷத்தைச் சரியாகச் சொல்பவருக்கு அவள் பக்கத்து நாற்காலி என்று ஊர்த் தலைவர் அறிவித்தார். மாங் தெயோ மீசைக்கு மை பூசிக்கொண்டு வந்தார். அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் இனி சொந்தக் கடையிலேயே அவர் வாய் திறக்க முடியுமா?

செல்டா மேடையேறி, இருவர் சொன்னதையும் கேட்டுச் சிரித்தாள்.

“வெரோனிக்காவா? அப்ப இருந்த என் பல்லுக்கு யாரு குடுப்பா? நாலு வருஷம் நான் சேவல். பேதுரு மூணு தடவை ‘இயேசுவைத் தெரியாது’ன்னு மறுத்ததும் படுதாவுக்குப் பின்னாடி கூவணும், அதைக் கேட்டு அவர் அழணும். என் முகத்தை ஒருத்தரும் பார்த்ததில்ல.”

மாங் தெயோவுக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது.

“அந்தக் கூவல்! அப்பவே எம் பொண்டாட்டிகிட்ட...”

“மாங் தெயோ, பேதுருவே நீங்கதானே! ஒரு வருஷம் பதற்றத்துல, நீங்க மறுக்கறதுக்கு முன்னாடியே கூவிட்டேன். மறுக்காமலே அழுதீங்க, பாவம். ‘இந்தக் கோழியை வீட்டுக்கு அனுப்புங்க, இதுக்கு நாடகமே வராது’ன்னு அப்ப சொன்னது யாரு?”

“நான் சொல்லலியே.”

“நீங்கதானே பேதுரு?” என்றார் தலைவர்.

“அந்த வருஷம் நான் ஊர்லயே இல்லீங்க.”

அவர் மனைவி எழுந்தாள். “இருந்தீங்களே! வீட்டுக்கு வந்தும் அந்தப் பொண்ணைத்தானே திட்டுனீங்க?”

“எந்தப் பொண்ணு? எனக்குத் தெரியவே தெரியாது!”

மறுப்பு மூன்றாகிவிட்டது. செல்டா மைக்கை வாயருகே கொண்டுபோய் நெடுநீளமாகக் கூவினாள். இந்த முறை நேரம் தவறவில்லை. கூடமே குலுங்கிச் சிரித்தது.

“வாங்க பேதுரு, உக்காருங்க” என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். கூச்சமே இல்லாமல் போய் உட்கார்ந்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதை மடித்து வைத்துவிட்டு, “இப்படித்தான் முடியும்னு எனக்கு முதல் பாராவுலயே தெரியும்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுக்கிறீர்களே, அதை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.